எத்தனை ஓட்டைன்னு கேக்காதீங்க!

எங்க சித்தப்பாவுக்கு மலக்குடல்ல புற்றுநோய்னு தெரிஞ்சதும் வீட்டுல நடந்த முதல் பஞ்சாயத்து என்ன தெரியுமா? எந்த நிலை, எங்கெல்லாம் பரவியிருக்குங்கறது இல்லை. வயித்தைக் கிழிப்பாங்களா, ஓட்டை போடுவாங்களா! ஒரு ஆஸ்பத்திரி (பேரு வேணாம், ஆட்டோ வரும்) கொடுத்த வழவழா நோட்டீஸ்ல ரோபோ படம், பக்கத்துல சிரிக்கற ஒரு தாத்தா, "தழும்பில்லை, வலியில்லை". நோய் திரும்ப வருமா வராதாங்கறதைப் பத்தி ஒரு வரி இல்லை மக்களே.

வந்த கோவத்துல நாலு நாள் தேடித் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்க கொட்டறேன்.

இந்த ஆபரேஷனோட உயிர் தோல்ல போடற ஓட்டையில இல்லை. மலக்குடலைச் சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு, மீசோரெக்டம்னு பேரு. நிணநீர் முடிச்சுகள் அதுக்குள்ளதான். அதைக் கிழிக்காம முழுசா எடுத்தா, நோய் அதே இடத்துல திரும்பறது வெகுவா குறையும்னு இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக் ஊர் சர்ஜன் பில் ஹீல்ட் 1982லயே எழுதிட்டார். அவர் வயித்தைத் திறந்துதான் செஞ்சார்.

அப்ப லேப்ராஸ்கோப்பி தண்டமா? அப்படிச் சொல்லமாட்டேன். ஆயிரத்துச் சொச்சம் பேரை வச்சு நடந்த கலர் 2 ஆய்வுல (2015) மூணு வருஷத்துல நோய் இடுப்புக்குள்ள திரும்பினது ரெண்டு முறையிலயும் 5 சதவீதம். ரத்த இழப்பு பாதி. ஆஸ்பத்திரி வாசம் 9 நாளுக்குப் பதிலா 8. ஒரே ஒரு நாள்! அதே வருஷம் அமெரிக்காவுல ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல ஒண்ணுன்னு ரெண்டு ஆய்வு, வெட்டி எடுத்த திசுவைப் பாத்துட்டு, "திறந்து செய்யறதுக்கு இது குறைஞ்சதில்லைன்னு நிரூபிக்க முடியலை"ன்னு கையை விரிச்சது. பின்னாடி ரெண்டு வருஷக் கணக்குல பெரிய வித்தியாசம் தெரியலைங்கறதையும் சொல்லிடணும்.

ரோபோ? 2017ல வந்த ரோலார் ஆய்வுல 471 பேர். பாதியில விட்டுட்டு வயித்தைத் திறந்தது லேப்ராஸ்கோப்பியில 12.2, ரோபோவுல 8.1 சதவீதம். அது தற்செயலாக்கூட இருக்கலாம்னுட்டாங்க. செலவு ஏறினது மட்டும் நிச்சயம். 2025ல சீனாவுல வந்த பெரிய ஆய்வு ரோபோ பக்கம்தான் பேசுது: மூணு வருஷத்துல நோய் திரும்பினது 1.6, லேப்ராஸ்கோப்பியில 4 சதவீதம். சரி, ஒத்துக்கறேன். ஆனா அது கைதேர்ந்தவங்க செஞ்சது. நேத்து மெஷின் வாங்கி இன்னிக்கு நோட்டீஸ் அடிக்கறவங்களுக்கும் அதே எண்ணா?

நார்வே கதையைக் கேளுங்க. ஆசனவாய் வழியா கீழ இருந்து மேல போற டாட்மிங்கற புது முறையை ஆர்வமா ஆரம்பிச்சாங்க. நோய் சீக்கிரமே, அதுவும் பல இடத்துல திரும்ப ஆரம்பிக்க, 2018ல நிறுத்தியாச்சு. 157 பேரைத் தணிக்கை பண்ணினதுல, ரெண்டரை வருஷ வாக்குல நோய் திரும்பும் விகிதம் 11.6 சதவீதம்னு கணக்கு வந்தது. நாட்டுப் பதிவேட்டுல மத்தவங்களுக்கு 2.4! பதிவேடு வச்சிருந்தாங்க, பிடிச்சாங்க. எங்க கைக்கு வந்த நோட்டீஸ்ல அப்படி ஒரு எண்ணைக் காட்டுங்க பாப்போம்.

சித்தப்பாவுக்கு மூணே கேள்வி எழுதிக் கொடுத்தேன். வருஷத்துக்கு எத்தனை மலக்குடல் ஆபரேஷன் செய்யறீங்க? அதுல எத்தனை பேருக்கு உறை முழுசா வந்ததுன்னு பேத்தாலஜி சொல்லுச்சு? மலம் போக வயித்துல பை வச்சா கொஞ்ச நாளைக்கா, ஆயுசுக்கா?

நோட்டீஸ் ஆஸ்பத்திரி டாக்டர் கடிகாரத்தைப் பாத்தார். அடுத்த இடத்துல ஒரு அம்மா, பழைய நோட்டை எடுத்து விரல்விட்டு எண்ணிச் சொன்னாங்க. ரேடியேஷன் முடியட்டும், வயித்தைத் திறந்துதான் செய்வேன்னும் சொன்னாங்க. சித்தப்பா அங்கேயே சரின்னுட்டார். சித்திக்குத்தான் அந்த ரோபோ மேல இன்னும் ஒரு கண்ணு :)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதற ஆசாமி. விவரம் தெரிஞ்ச டாக்டர் பதிவர்கள் வந்து தப்பிருந்தா குட்டுங்க.