பெண்ணின் நிறத்தில் கை வைக்காதீர்கள்

விழுப்புரத்தில் ஆல்பம் டிசைன் செய்யும் கடை எதில் வேண்டுமானாலும் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். திரையில் மாலை மாற்றும் படம் இருக்கும். பெண்ணின் முகம் வெளுத்து, கிட்டத்தட்ட ரோஸ் நிறத்தில் இருக்கும். மாலையைப் பிடித்த கை மட்டும் அவருடைய சொந்த மாநிறத்தில் இருக்கும். காதோரத்தில் வெளுப்பு நின்றுபோன இடம் கோடு கிழித்ததுபோல் தெரியும். பக்கத்தில் நிற்கும் தங்கையை டிசைனர் தொட்டிருக்க மாட்டார். கூடப் பிறந்தவர்கள் இருவரும் படத்தில் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்களாகத் தெரிவார்கள்.

அடுத்த முகூர்த்த சீசனுக்கு முன், கல்யாணப் படம் எடுக்கும் நம் தொழில் நண்பர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: பெண்ணின் நிறத்தை மாற்றாதீர்கள்.

"பார்ட்டியே கேட்குறாங்களே சார்" என்பீர்கள். கேட்கிறார்கள்தான். திண்டிவனத்தில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பெண்ணின் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பொண்ணு கொஞ்சம் கலரா வரணும்பா" என்று சொல்வார். மாப்பிள்ளைக்காக இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் சொன்ன வார்த்தைகளெல்லாம் அந்த அம்மாவின் மனதில் கிடக்கின்றன. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை ஷாதி டாட் காம் நீக்கியதும் அதே ஆண்டில்தான். இத்தனை காலம் ஊரும் விளம்பரமும் சேர்ந்து சொல்லிக்கொடுத்ததை அவர் நம்மிடம் திருப்பிச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவர் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெரிய பெண்ணின் கல்யாண ஆல்பத்தை அவர் பார்த்திருக்கிறார். அதில் கண் குழியில் நிழல், நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு. முகத்தில் களையே இல்லை. சின்னவளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். அந்தப் படம் கெட்டதற்குக் காரணம் பெண்ணின் நிறம் இல்லை, நாம் வைத்த லைட். அவர் கலர் கேட்பது, நம்மிடம் நல்ல லைட்டைக் கேட்கத் தெரியாததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் குறையில் நம் தொழிலின் பழைய வரலாற்றுக்கும் பங்கு உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதற்கு ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவருடைய சருமம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. அடர்ந்த பழுப்பு நிறங்களை ஃபிலிம் நன்றாகப் பதிவு செய்யத் தொடங்கியதற்கு, மர மேசை நாற்காலிக்கும் சாக்லேட்டுக்கும் விளம்பரம் எடுத்தவர்களின் புகாரும் ஒரு காரணம் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனித முகத்துக்காக நடக்காத திருத்தம் மரச் சாமானுக்காக நடந்திருக்கிறது. இன்று நம் கையில் 14 பிட் ரா ஃபைல் தரும் கேமரா இருக்கிறது. அந்தப் பழைய சாக்கு இனி செல்லாது.

மண்டபத்துக்கு வருவோம். மேடைக்குப் பின்னால் எல்இடி வால், இருபுறமும் ஊதாவும் நீலமுமாக பார் லைட், மேலே டியூப் லைட். நடுவில் ஹோமப் புகை. பின்னால் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்து மீட்டர் எக்ஸ்போஷரைக் குறைக்கிறது, முகம் இருட்டுகிறது. உடனே நேர் ஃபிளாஷை முழு பவரில் அடிக்கிறோம். மாப்பிள்ளையின் வேட்டியில் ஜரிகைக் கரை கரைந்துபோகிறது. பெண்ணின் நெற்றி வெடிக்கிறது, கன்னம் தட்டையாகிறது. பிறகு டிசைனர் எல்லாவற்றையும் வெளுக்கிறார்.

பார் லைட்டின் ஊதாவை எந்த வொயிட் பேலன்ஸாலும் திருத்த முடியாது. அதில் சருமத்துக்கு வேண்டிய நிறங்களே இல்லை. முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் லைட் செட்காரரிடம் போய், "அண்ணே, தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் கலர் லைட்டை நிறுத்திடுங்க, வால்ல ஆடாத படம் ஒண்ணு போடுங்க" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்துகொடுப்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100-ல் வைத்தால் படத்தில் பட்டை விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அடர்ந்த நிறச் சருமத்தின் அழகு அதன் மினுமினுப்பில்தான் தெரியும். அதற்குப் பவர் முக்கியமில்லை, லைட் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பெரிய சாஃப்ட் பாக்ஸையோ குடையையோ பக்கவாட்டில், தலைக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். கன்னத்தில் ஒளி வழியும், மூக்கு எழும்பும், கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழும். வெள்ளை சீலிங் இருந்தால் பவுன்ஸ் அடிக்கலாம். மஞ்சள் துணிப் பந்தலில் பவுன்ஸ் அடித்தால் எல்லோர் முகமும் மஞ்சளாகிவிடும். மாநிறக் கன்னத்தில் ஸ்பாட் மீட்டர் வைத்தால் அது காட்டும் அளவு கிட்டத்தட்ட சரியாக இருக்கும். நல்ல கறுப்பென்றால் அதிலிருந்து முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறையுங்கள். குறைக்காவிட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும்.

மேக்கப் அறையிலும் நமக்கு வேலை இருக்கிறது. கழுத்தைவிட இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷன் போட்டால் படத்தில் தலை தனியாகத் தெரியும். சிலிகா, டைட்டானியம் டையாக்சைடு கலந்த பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷில் மாவு பூசியதுபோல் வெள்ளையாக வரும். வரவேற்பு மாலையிலேயே பியூட்டிஷியனிடம் சொல்லி, ஒரு ஃபிளாஷ் படம் எடுத்துக் காட்டிவிடுங்கள். அவர்களும் தொழில்காரர்கள்தான், பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

மயிலம் முருகன் கோயில் கல்யாணம் என்றால் இத்தனை பாடு இல்லை. முகூர்த்த நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமணம் நடக்கும், லைட் ஸ்டாண்டு விரிக்க இடமே இருக்காது. தாலி கட்டியதும் இருவரையும் கல் மண்டபத்தின் விளிம்புக்கு அழைத்து வந்து, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். மேலே நிழல், எதிரே திறந்த வானம். காலை ஏழு மணிக்கு அந்த இடத்தில் விழும் ஒளியை எந்த வாடகை லைட்டாலும் கொடுக்க முடியாது. மரக்காணம் உப்பளத்தில் அவுட்டோர் எடுப்பவர்கள் மீட்டரை அப்படியே நம்பாமல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உப்பின் வெள்ளை கேமராவை ஏமாற்றும், ஆனால் அதே உப்பு கீழிருந்து முகத்துக்கு ரிஃப்ளெக்டராகவும் உதவும்.

எடிட்டிங்கில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் சருமம் வெளுக்கும் என்பது எல்லா டிசைனருக்கும் தெரியும். நகையும் சந்தனமும் சாமந்தியும் பெரும்பாலும் அதே நிற வரிசையில்தான் இருக்கின்றன. பெண்ணை வெளுக்கும்போது, அவள் அப்பா கடன் வாங்கிப் போட்ட நகையும் சேர்ந்து வெளிறிப்போகிறது. அரக்குக் கூறைப்புடவைக்கு மாநிறம் எத்தனை பொருத்தம் என்பதும் அங்கேயே போய்விடுகிறது.

குரூப் படங்களிலும் இதைத்தான் செய்கிறோம். வெயிலில் நின்று கரும்பும் மணிலாவும் விளைவித்த தாத்தாவுக்குப் பேத்தி கல்யாணத்தில் எடுத்த படம்தான் பெரும்பாலும் கடைசி நல்ல படம். பின்னால் படத்திறப்புக்கு அதைத்தான் வெட்டி எடுத்துக்கொண்டு நம்மிடம் வருவார்கள். அவர் முகத்தின் சுருக்கத்தையும் கறுப்பையும் நாம் ஏற்கெனவே ஸ்மூத் செய்து அழித்திருந்தால், அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கும்?

ஆகவே அம்மாவிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டாம். வரவேற்பு அன்று மாலை, கூட்டம் சேரும் முன் பெண்ணைப் பக்கவாட்டு லைட்டில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். வெளுக்காமல் அப்படியே டேபில் போட்டு, அம்மாவிடமும் பெண்ணிடமும் காட்டுங்கள். அதன் பிறகும் வெளுக்கச் சொன்னால் அந்தப் பெண்ணையே கேளுங்கள், ஆல்பம் அவருடையது. ரா ஃபைலையும் திருத்தாத ஒரு பிரதியையும் கட்டாயம் எடுத்து வையுங்கள். டிசைனருக்கு அனுப்பும் ஆர்டர் படிவத்தில், சைஸும் ஷீட் எண்ணிக்கையும் எழுதும் இடத்துக்குக் கீழே, "சரும நிறம் மாற்ற வேண்டாம், லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.