திரைக்குப் பின்னுள்ள அரங்கு

கலையரங்கம் ஒன்றைக் காணச் செல்வோர் அதன் முகப்பை வியப்பர், இருக்கைகளை எண்ணுவர். திரைக்குப் பின்னால் என்ன உள்ளது எனக் கேட்போர் சிலரே. அரங்கின் தரத்தை அறிய விழைவோர் முதலில் காண வேண்டிய இடம் அதுவே என்பது நம் கருத்தாகும்.

உலகப் புகழ்பெற்ற சிட்னி ஆபரா மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். பாய் விரித்தாற்போன்ற அதன் கூரையைப் படத்திலேனும் காணாதார் இலர். அங்கு, காலை வேளையில், பார்வையாளரைச் சிறு குழுவாக மேடையின் பின்புறம் அழைத்துச் சென்று காட்டும் வழக்கம் உண்டு. ஒப்பனை அறைகளையும், இசைக்குழுவினர் அமரும் பள்ளத்தையும், கலைஞர்கள் உணவருந்தும் கூடத்தையும் அவர்கள் காண்கின்றனர். முகப்பு சொல்லாத வரலாற்றை அவ்விடங்கள் சொல்கின்றன.

டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்று இம்மாளிகையை வடிவமைத்தார். அரசோடு நேர்ந்த பிணக்கால் 1966இல் பணியைத் துறந்தார். நிறைவுற்ற மாளிகையை நேரிற் காணாமலே 2008இல் மறைந்தார். அவர் விலகியபின், ஆபராவுக்கும் இசைக்கும் பொதுவாக அமையவிருந்த பெரிய அரங்கு 1967இல் இசைக்கென்றே மாற்றப்பட்டது. அங்குப் பொருத்தியிருந்த மேடைப் பொறிகள் அகற்றப்பட்டன. ஆபரா சிறிய அரங்கிற்குச் சென்றது. அதன் மேடைக்கு இருமருங்கிலும் போதிய இடமில்லை. காட்சிப் பொருள்களைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கிகளால் மேலே கொணர வேண்டும். இசைக்குழுவின் பள்ளமும் குறுகியதே. 1980களில் ஆபரா ஒன்றிற்காக மேடையேற்றிய கோழி, பள்ளத்திலிருந்த செல்லோ கலைஞர்மீது விழுந்தது. பின்னர் அங்கு வலை கட்டினர். 70 இலட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கி, 10 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் 1973இல் திறக்கப்பட்ட மாளிகையின் நிலை இது! முகப்பின் பெருமை ஊருக்கு. உள்ளிடத்தின் நெருக்கடி உழைப்போருக்கு.

மேடையின் மறுபக்கத்தைக் கருதுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை, 24 விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கினை அளந்து கூறுகிறது. வாயில்கள் இரண்டு, எழினிகள் மூன்று. தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கமைத்ததையும் இளங்கோவடிகள் சொல்ல மறந்தாரல்லர். ஆடுவோரின் தேவையறிந்து அமைத்த அரங்கு அது.

இன்றோ, கல்லூரிகளிலும் ஊர்களிலும் எழும் அரங்குகள் பலவற்றில் முகப்புக்கும் பெயர்க்கல்லுக்கும் கிடைக்கும் கவனம் ஒப்பனை அறைக்குக் கிடைப்பதில்லை. நாடகம் நடிக்க வந்த மாணவியர் சேலையைத் திரையாகக் கட்டி உடைமாற்றும் நிலையை நாம் காண்கிறோம். செலவு மிகும் என்பர் சிலர். அலங்கார வளைவொன்றைக் குறைத்தால் அறையொன்று எழும். பின்புறத்தைக் காட்டினால் கலையின் கவர்ச்சி குன்றும் என்பாரும் உளர். உழைப்பை அறிந்தவர்க்குக் கலையின்மீது மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது.

எனவே, அரங்கம் அமைக்கத் திட்டமிடுவோர் நடிகர், ஒப்பனையாளர், விளக்குப் பணியாளர் ஆகியோரைக் கலந்து முடிவெடுத்தல் வேண்டும். நாடகம் பயிலும் மாணாக்கரை ஒருமுறையேனும் திரைக்குப் பின்னால் அழைத்துச் செல்லுதல் வேண்டும். கைதட்டலில் பாதி யாருக்குரியது என்பதை அவர்கள் அங்கே அறிந்துகொள்வர்.