சுவையும் மயக்கமும்

சென்ற மாதம் பதுளை நகரில் நண்பர் ஒருவரின் இல்லத்துத் திருமண விருந்துக்குச் சென்றிருந்தோம். பந்தி முடிந்து வெளியே வந்தபோது முன்றிலில் இளைஞர் சிலர் கூடியிருந்து உரையாடிக் கொண்டிருந்தனர். அவர்களுள் இருவர் முன்னாளில் நம்மிடம் கற்ற மாணாக்கர். பேச்சு பானங்களைப் பற்றியதாக இருந்தது. ஒருவருக்கு நுவரெலியாவின் பெயரோடு வளர்ந்த கறுப்புப் பியரே பிடிக்குமாம். மற்றவர் விஸ்கியின் புகை மணத்தை வியந்தார். மூன்றாமவரோ, நம் நாட்டுத் தென்னஞ் சாராயத்துக்கு நிகராக உலகில் ஒன்றுமில்லை என்று வாதாடினார். நம்மைக் கண்டதும் சிறிது கூசி எழுந்தவர்களில் ஒருவர், துணிவை வரவழைத்துக்கொண்டு, "சேர், உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டார்.

"ஆவணி மாதத்து ஊவாத் தேநீர்," என்றோம். எல்லோரும் நகைத்தனர். ஆசிரியர் நழுவிவிட்டார் என்று எண்ணினர் போலும். நாம் நழுவவில்லை; மெய்யையே சொன்னோம். அதற்குரிய விளக்கத்தை விருந்து வீட்டு முன்றிலில் நின்று சொல்ல இயலவில்லை. இங்கே வாசகர்களிடம் சொல்கின்றோம்.

பானங்களில் சுவை வேறுபாடு காண்பது தமிழருக்குப் புதிதன்று. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று பழந்தமிழ் நூல்கள் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்று. நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியதைத் தோப்பி என்றனர். மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைப் பத்துப்பாட்டு பேசுகின்றது. யவனர் மரக்கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு சொல்கின்றது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பும் நினைவுகூரப்படுகின்றது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். நயந்த புலவரும் நம்மவர். கடிந்த புலவரும் நம்மவர். ஆதலால், நம் முன்னோர் மதுவை அறியாதவர் என்று மாணவருக்குக் கதை சொல்ல நாம் விரும்பவில்லை.

நம் தீவில் ஆகும் பானத்தின் கதையும் அறியத்தக்கதே. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு முதலில் இனியது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் வெல்லத்தை உண்டு மதுசாரமாக மாற்ற, ஒரு பொழுதுக்குள் அது கள்ளாகின்றது. அக்கள்ளைக் காய்ச்சி வடித்துச் சாவண்டலை மரப் பீப்பாய்களில் முதிரவைத்தால் சாராயம். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவாயிருந்த மதுசாரம் அங்கே ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகி விடுகின்றது. ஊவாக் கிராமங்களில் தென்னைக்குப் பதிலாகக் கித்துள் மரம் நிற்கும். அதன் சாற்றை உடனே காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும்; காய்ச்சாது விட்டால் கள். யாழ்ப்பாணத்துப் பனையிலோ, முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது குழந்தையும் பருகும் கருப்பநீர், தடவாவிடில் கள். மரம் ஒன்று, சாறு ஒன்று. வேளையறிந்து தடுத்தோமா இல்லையா என்பது ஒன்றே வேறுபாடு. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவ்விடத்துக்கே திரும்பி வருவோம்.

ஆங்கிலேயர் மலைநாட்டுக்கு வந்தபோது தங்கள் நாவையும் உடன்கொண்டு வந்தனர். பின்னாளில் நைல் நதியின் மூலந் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, அவ்வூர்க் குளிரையும் நன்னீரையும் நம்பிப் பியர் வடித்தார். கோப்பிச் செடியை நோய் அழித்த காலத்தில் துரைமார் பலர் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டனர். அதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைந்தது. அம்மரப் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா மலைக்காய்ச்சலுக்கு மருந்து. பொறுக்க முடியாத அதன் கசப்பை மறைக்கவே, இந்தியாவில் இருந்த வெள்ளையர் சீனியும் சோடாவும் ஜின்னும் கலந்து குடித்தனர். நோய்க்கு உண்ட கசப்பு நாளடைவில் விரும்பிக் கேட்கும் சுவையாயிற்று. நாவின் விருப்பம் பிறப்பில் வருவதன்று, பழக்கத்தில் வருவது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால், பழகிச் சுவை காணும் வாய்ப்பு மலைநாட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. துரைமார் கிளப்பில் பணியாள் குனிந்து கேட்ட கேள்வி, "எது வேண்டும்?" என்பது. சாராயத் தவறணையின் பலகைக்குப் பின்னால் நின்றவன் தோட்டத் தொழிலாளியிடம் கேட்ட கேள்வி, "எவ்வளவு வேண்டும்?" என்பது. முன்னவருக்கு விற்கப்பட்டது சுவை. பின்னவருக்கு விற்கப்பட்டது மறதி. ஆங்கில ஆட்சியில் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரிய வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. 1912இல் கள்ளுக்கடைகள் பெருகும்படி வகுத்த புதிய ஏற்பாட்டை எதிர்த்து எழுந்த மதுவொழிப்பு இயக்கமே, பின்னாளில் நாட்டின் அரசியல் தலைவர் பலருக்கு முதற் பாடசாலையாயிற்று.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம்.

நாம் பிறந்தது பசறை வீதியிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாவில் இறங்கும். பகலில் உலர் வெயில், இரவில் குளிர். கொழுந்து மெல்ல வளரும். மணம் அதனுள் திரளும். அம்மணத்துக்குக் காரணமானவற்றுள் ஒன்று, நோவுத் தைலங்களில் சேரும் மெதைல் சலிசிலேற்று என்பர் விஞ்ஞானிகள். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் அந்தச் சில வாரத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு.

கொழுந்தை வாட்டி, உருட்டி, பின் பரப்பி வைப்பார்கள். பச்சை இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும். அதைத் தொழிற்சாலையில் புளிக்க வைத்தல் என்பர். கள் புளிப்பதற்கும் இதற்கும் பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. இங்கே நுண்ணுயிரும் இல்லை, மதுசாரமும் இல்லை. இலைக்குள் இருக்கும் நொதியும் காற்றிலுள்ள ஒட்சிசனுமே வேலை செய்கின்றன. குறித்த வேளையில் அடுப்புக்கு விட்டு அதை நிறுத்தவேண்டும். முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் மணம் செத்துவிடும். கடிகாரம் ஓரளவே உதவும். மூக்குத்தான் சொல்லவேண்டும்.

அந்த மூக்கு அப்பாவுக்கு இருந்தது. பரப்பிய இலையில் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, "ஐயா, எலை பதமாயிருச்சு, இப்பவே அடுப்புக்கு விட்டுடணும்," என்பார். தொழிற்சாலை அதிகாரி மறுபேச்சின்றி அப்படியே செய்விப்பார். அப்பாவுக்குச் சோறு கொண்டு சென்ற வேளைகளில் நாமே அதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆயினும் அவர் பெயர்ப் பட்டியலில் ஒரு நாட்கூலித் தொழிலாளியாகவே இருந்தார். அவருக்குச் சுவையறிவு உண்டென்று எவரும் சொன்னதில்லை. அவரும் அதை அறிந்ததில்லை. நல்ல தேயிலை பெட்டியிலேறிக் கொழும்புக்குப் போயிற்று. எங்கள் லயத்துக்கு வந்தது தூள். அதில் சாயம் இருந்தது, மணம் இல்லை.

சம்பள நாள் வந்தால் அம்மா எம்மைப் பாதை வளைவில் நிறுத்துவார். "தம்பி, அப்பா வாராரான்னு பாரு. நேரா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா," என்பார். சில மாதம் வெற்றி பெற்றோம். பல மாதம் அப்பா வேறு வழியாகத் தவறணைக்குப் போய்விடுவார். பணம் குறைந்த நாளில் ஆற்றோரம் காய்ச்சிய கசிப்பு. ஆவணியின் மணத்தை நொடி பிசகாது கணித்த அந்த மூக்கைப் பொத்திக்கொண்டு, முகஞ் சுளித்து, ஒரே மடக்கில் விழுங்குவார். நாக்கில் தங்கவிடமாட்டார். சுவைக்காகக் குடிப்பவன் அப்படிக் குடிப்பானா? இலையை எப்போது நிறுத்தவேண்டும் என்று அறிந்தவருக்குத் தம்மை எப்போது நிறுத்துவதென்று தெரியாமற் போயிற்று.

நகரத்தார் சிலர், "தோட்டத்தார் குடிகாரர்," என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நகரத்து மாடிகளில் குடிப்போரை அவர்கள் அப்பெயரால் அழைப்பதில்லை. அச்சொல் கேட்டு நாம் சினந்ததுண்டு. எனினும், உழைப்பின் களைப்பையும் லயத்தின் நெரிசலையும் காரணங்காட்டி அப்பாவின் குற்றத்தை மறைக்கவும் நாம் முன்வரோம். அதே களைப்பு அம்மாவுக்கும் இருந்தது. மலையில் பகலெல்லாம் கொழுந்து பறித்து வந்து அவரே அடுப்பு மூட்டினார். எம் பள்ளிக் கொப்பிகளுக்குக் காசு அவர் முந்தானை முடிச்சிலிருந்தே வந்தது.

அப்பா ஐம்பத்து நான்கு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோது, நண்பர் ஒருவர் நமக்குத் தந்த ஆவணித் தேயிலையில் சாயம் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வாய் பருகினார். விழுங்காமல் சிறிது நேரம் நாவில் வைத்திருந்தார். "நல்ல எலை. ஆனா அடுப்புக்கு விட ரெண்டு நிமிசம் பிந்திட்டானுக," என்றார். நாம் அவரோடு இருந்து பருகிய கடைசித் தேநீர் அதுவே.

பின்னொரு நாள் கொழும்பில் தேயிலைச் சுவைஞர் ஒருவர் தொழில் செய்வதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. வரிசையாய் வைத்த கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, அறிந்துகொண்டு, உடனே துப்பிவிட்டார். மேனாட்டில் திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோரும் அவ்வாறே துப்பிவிடுவர். மிக நுண்ணிய சுவையறிவு உடையவர் விழுங்குவதே இல்லை! மயங்கிய நாக்குச் சுவை அறியாது என்பது அவர்களுடைய தொழிலின் முதற் பாடம். சுவை வேறு, மயக்கம் வேறு. முதலாவது முடியுமிடத்தில்தான் இரண்டாவது தொடங்குகின்றது.

மயக்கத்துக்குக் கொடுக்கும் விலையையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1350 ரூபா என வகுக்கப்பட்டது. அப்போது ஒரு போத்தல் சாராயம் இரண்டு நாட் கூலிக்கும் கிடைக்கவில்லை. மலிவைத் தேடிக் கள்ளச் சாராயத்துக்குப் போனவர் கதி இன்னும் கொடிது. அதில் மெதனோல் கலந்துவிட்டால், உடலில் அது போர்மிக் அமிலமாகிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும். அதே 2024 ஆனி மாதத்தில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் அவ்வாறு 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடையில் முறையாக விற்பதுங்கூடத் தீங்கற்றதன்று. தீங்கு செய்யாத அளவு என்று மதுவில் ஒன்றில்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

முன்றிலில் நின்ற இளைஞர்களுக்கு நாம் சொல்ல நினைத்தது இதுதான். வயது வந்த ஒருவர் தமக்கு இன்ன பானம் பிடிக்கும் என்று சொல்வதை நாம் குறை கூறோம். தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: முதற் கிண்ணத்தில் கண்ட சுவை மூன்றாம் கிண்ணத்திலும் தெரிகின்றதா? தெரியவில்லையெனில் அவர் பருகுவது சுவையை அன்று. கருப்பநீருக்குச் சுண்ணாம்பு போலவும், தேயிலைக்கு அடுப்பைப் போலவும், எதற்கும் நிறுத்துமிடம் ஒன்று உண்டு. நிறுத்தத் தெரியாதவர் தொடங்காதிருப்பதே நன்று. குடிகாரரின் மைந்தராகிய நாம் எம்மைப் பற்றி அவ்வளவு உறுதி கொள்ளவில்லை. ஆதலால் தொடங்கவே இல்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் நாவுக்கு நல்ல சுவைகளைப் பழக்குங்கள். ஆவணியில் நல்ல தேயிலை கொஞ்சம் வாங்கி, பாலுஞ் சீனியும் இன்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு அவர்களுக்குக் கொடுங்கள். எந்த மலையில், யார் கை பறித்தது, யார் மூக்குப் பதம் பார்த்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். தாங்கள் ஆக்கும் பொருளின் சுவையைத் தாங்களே அறியாதிருந்த ஒரு தலைமுறை போய்விட்டது. அடுத்த தலைமுறையேனும் அதனை அறியட்டும்.