விழுபவனுக்கும் பெயருண்டு

புறத்திணையை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர் முதற்கண் கூறுவது ஆநிரை கவர்தலும் அதனை மீட்டலுமாகும். வெட்சி சூடியோர் கவர்வர். கரந்தை சூடியோர் மீட்பர். அப்பூசலிற் பட்டவன் பெரும்பாலும் முடிவேந்தனல்லன்; ஊர் காக்கச் சென்ற மறவன். எனினும் அவனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து வைத்தனர் பண்டைத் தமிழர். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இதற்குக் கண்கண்ட சான்று.

அமெரிக்க மேற்குப் புலத்துக் கதைகளைக் காட்டும் குதிரைப் படங்களும் ஒருவகையில் வெட்சியும் கரந்தையுமே. மாடு கவர்வோரும் மீட்போரும் அங்கு உளர். வேலுக்குப் பதிலாகத் துப்பாக்கி உளது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்காக எடுக்கப்பட்ட அப்படங்களின் சாயல் தமிழ்த் திரைக்கும் வந்தது. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களை எடுத்தார். கண்டி வீதியிற் பஸ் ஏறி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று இத்தகைய படங்களைக் கண்டு களித்த தலைமுறையினர் நம் கனகராயன்குளத்தில் இன்றும் உளர். அவர்களை வினவினால் கதாநாயகன் பெயரைத் தயங்காது கூறுவர். அவன் சுட்டதும் குதிரையினின்று சரிந்து விழுந்தவன் யாவன் என வினவின், விடை வாராது.

அவ்வாறு விழுதல் எளிய செயலன்று. திரையில் விழும் குத்து உண்மையிற் படுவதில்லை. குத்துபவன் கை, கன்னத்துக்குச் சற்று விலகிச் செல்லும். படப்பெட்டி அவ்விடைவெளி தெரியாத கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். குத்து வாங்குபவன் தக்க கணத்திற் தலையைத் திருப்பித் தெறித்து விழவேண்டும். அவன் ஒரு நொடி பிந்தினால் நாயகனின் வீரம் நகைப்புக்கிடமாகும். ஒரு நொடி முந்தினாலும் அவ்வாறே. எனவே, நாயகனின் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு, எதிரே நிற்பவனின் உடற்பயிற்சியிலேயே பாதி தங்கியிருக்கின்றது. உயரத்திலிருந்து குதித்தலும், ஓடும் வண்டியினின்று உருளுதலும் வேண்டப்படுமிடத்து நாயகன் விலகி நிற்பான். அவனுடைய உடையை அணிந்து ‘டூப்’ போடுபவன் குதிப்பான். கைதட்டு மட்டும் நாயகனுக்கு.

இவ்வரிசையிலிருந்து எழுந்து பெயர் பெற்றோர் சிலரே. ‘ராஜகுமாரி’ (1947) படத்தில் எம். ஜி. ஆருடன் மோதிய சின்னப்பா தேவர், 1956 இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தின் மூலம் தயாரிப்பாளராக உயர்ந்தார். குடியாத்தத்தைச் சேர்ந்த ஜூடோ இரத்தினம், ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966) தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்து, 2023 சனவரியில் மறைந்தார். அவர் அமைத்த ‘முரட்டுக்காளை’ (1980) இரயிற் சண்டை பலர் நினைவில் நிற்பது. குதிரை ஏறி வந்த ஜெய்சங்கரே அப்படத்தில் வில்லனாக வந்து தோற்றார் என்பதும் நோக்கத்தக்கது. ஆர். எஸ். மனோகர் திரையில் எண்ணற்ற முறை அடிபட்டவர். நாடகமேடையிலோ ‘இலங்கேஸ்வர’னாக நிமிர்ந்து நின்றவர். ஜஸ்டின், குண்டுமணி போன்றோரை முகத்தால் அறிவோர் பலர். பெயரால் அறிவோர் சிலர். இவர்களுக்குப் பின்னே நின்றோரோ, பெரும்பாலும், ‘குழுவினர்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கி மறைந்தனர்.

மலிவான பொழுதுபோக்குப் படங்களுக்கு இலக்கியப் பக்கத்தில் இடமேது எனச் சிலர் வினவக்கூடும். அப்படங்களிற் பல சிறந்தனவல்ல என்பதை நாமும் ஒப்புவோம். கதை கடன்பட்டது, உரையாடல் உரத்தது. ஆயினும் படம் தாழ்ந்ததாயின் அதில் உழைத்தவனின் திறமும் தாழ்ந்ததாகிவிடாது. நம் நாட்டுக்கூத்து மரபை நோக்குக. அரசனுக்கு வரவு உண்டு. கட்டியகாரனுக்கும் வரவு உண்டு. தான் யார் என்பதை அவையறியச் செய்தபின்னரே அவன் தன் தொழிலைத் தொடங்குவான். எழுத்தறியாதவரும் ஆடிய கூத்துக் காத்த இந்நெறியைப் பெரும்பொருள் புரளும் திரைத்தொழில் காவாமை வியப்புக்குரியது.

இது புகழ் பற்றிய வழக்கு மட்டுமன்று; உயிர் பற்றியதுமாகும். இந்தியப் படங்களின் தொடக்கத்தில், விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பைக் காண்கிறோம். அது வேண்டியதே. விழுந்தெழும் மனிதனைப் பற்றி அத்தகைய உறுதிமொழி எதுவும் வருவதில்லை. 2025 சூலை 13 ஆந் திகதி, நாகப்பட்டினத்துக்கு அணித்தே நடந்த படப்பிடிப்பொன்றில், காரைப் பாயச்செய்து புரட்டும் காட்சியில் எஸ். எம். ராஜு என்னும் சண்டைக் கலைஞர் உயிர் நீத்தார். அவர் பெயரை நம்மிற் பலர் முதன்முறையாகக் கேட்டது அன்றுதான். ஒருவன் பெயரை அறிய அவன் இறக்கும்வரை காத்திருப்பது நாகரிகமாகாது. பெயரற்றவனின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்பாரும் அரியர்.

உலகம் சிறிது சிறிதாகக் கண் திறக்கின்றது. ‘ஸ்டேஜ்கோச்’ (1939) படத்தில், ஓடும் குதிரைகளுக்கிடையே விழுந்து வண்டி தன்மேற் கடந்து செல்லக் கிடந்த யக்கிமா கனுட் என்பவருக்கு 1967 இல் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு 2017 இலேயே இடம் கிடைத்தது. சண்டை வடிவமைப்புக்கெனத் தனி ஒஸ்கார் விருதை, 2028 இல் நடைபெறும் 100 ஆவது விழா முதல் வழங்க 2025 இல் முடிவாயிற்று. இவையும் சண்டையை அமைப்போர்க்கே உரியன. விழுபவனுக்குரிய மரியாதை, படத்தின் பெயர்ப்பட்டியலிலும் நம் திறனாய்விலுமே தொடங்கவேண்டும்.

ஆகவே, படம் எடுப்போர் குழுவினர் அனைவரது பெயரையும் தனித்தனியே பொறிப்பாராக. திறனாய்வு எழுதும் நம் இளைஞர், நாயகனைப் பற்றி நான்கு பத்தி எழுதுமிடத்து, அவனுக்கு எதிர் நின்றவனைப் பற்றி நான்கு வரியேனும் எழுதுவாராக. இலக்கிய வட்டத்தினரும் ஆசிரியரும், பழைய படங்களைக் கண்ட முதியோர் நினைவிலுள்ள சிறு நடிகர் பெயர்களைக் கேட்டு, ஏனைய பதிவுகளோடு ஒப்புநோக்கி எழுதிவைப்பாராக. மாணவர் குழுவொன்று ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கத்தக்க பணி இது. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். அவர்களோடு அப்பெயர்களும் மறையும். ஆநிரை மீட்கச் சென்ற ஊர் மறவனுக்குக் கல் நாட்டிய மரபினர் நாம். திரையில் வீழ்ந்தவனுக்கு ஒரு வரி எழுதுதல் நமக்குப் பெருஞ்சுமையன்று.