புகையானை எதிர்க்கும் நெல் ரகம் சில ஆண்டுகளிலேயே தோற்றுப்போவது ஏன்?

சம்பா பயிரில் கதிர் பால் பிடிக்கும் நேரம். நேற்று வரை பச்சையாக நின்ற வயலின் நடுவே, வட்டமாக ஒரு திட்டு மட்டும் தீயில் வாட்டியதுபோலக் காய்ந்து கிடக்கும். நாலு நாளில் அந்தத் திட்டு இரண்டாகும், பத்தாகும். டெல்டா மாவட்டங்களில் இருந்து அடிக்கடி வரும் செய்திதான் இது: 'புகையான் தாக்குதல், விவசாயிகள் வேதனை'. அதோடு சேர்ந்தே வரும் இன்னொரு வரி: 'மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை'.

இந்தப் பூச்சியை எதிர்க்கும் நெல் ரகங்கள் 50 ஆண்டுகளாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்புறமும் பூச்சி எப்படி ஜெயிக்கிறது? ரகம் மோசமா, மருந்து மோசமா? இரண்டையும் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது.

யார் இந்தப் புகையான்?

பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். இலையைக் கடித்துத் தின்னாது. தண்ணீருக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து, ஊசிபோன்ற வாயைத் தண்டுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்த்தால் வயல் செழிப்பாகத்தான் தெரியும். சாறு வற்றிப் பயிர் புகைந்ததுபோல ஆன பிறகுதான் விஷயமே வெளியே வரும். பெயருக்குக் காரணமும் அதுதான்.

முட்டையிலிருந்து வந்து வளர்ந்து மறுபடி முட்டையிட இதற்குச் சுமார் ஒரு மாதம் போதும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இந்த ஒரு மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

எருக்கஞ்செடி சொல்லும் பாடம்

செடிக்குக் கால் இல்லை, ஓட முடியாது. அதனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது விஷம் தயாரிக்கிறது. நம் சாலையோர எருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாலில் உள்ள நச்சு, விலங்குகளின் செல்களில் சோடியத்தை வெளியேற்றும் 'பம்ப்' ஒன்றை நிறுத்திவிடும். ஆடு மாடு அதைத் தொடாமல் போவது சும்மா இல்லை.

ஆனால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதே எருக்கைத் தின்றுதான் வளர்கிறது. அதன் உடலில் உள்ள பம்ப் லேசாக மாறியிருப்பதால் நச்சால் அதைப் பிடிக்க முடிவதில்லை. எருக்கு வகைச் செடிகளைத் தின்னும் வண்டு, நாவாய்ப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி என ஒன்றுக்கொன்று தூரத்து உறவான பூச்சிகளில்கூட, அதே பம்பில் அதே இடத்தில் மாற்றம் நடந்திருப்பதை 2012-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

செடி ஒரு பூட்டு போடுகிறது, பூச்சி சாவி செய்கிறது, செடி பூட்டை மாற்றுகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் இந்தப் போட்டிக்குத்தான் 'கூட்டுப் பரிணாமம்' என்று பெயர். பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1964-இல் எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது.

நெல்லுக்குள் என்ன நடக்கிறது?

நெல்லும் சும்மா இருப்பதில்லை. புகையான் ஊசியைச் செருகியதும், சாறு ஓடும் குழாய்களைப் பயிர் ஒருவகைப் பசைப்பொருளால் அடைக்கத் தொடங்குகிறது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தில் அந்த அடைப்பு நீடிக்கும், பூச்சி பட்டினி கிடக்கும். எதிர்ப்புத்திறன் இல்லாத ரகத்தில் அடைப்பு கரைந்துவிடும், பூச்சி மறுபடி உறிஞ்சும்.

பூச்சி வந்துவிட்டது என்று பயிருக்கு எப்படித் தெரியும்? சீனாவின் வூஹான் பல்கலைக்கழகக் குழு 2023-இல் இதற்கு ஒரு பதில் தந்தது. புகையானின் எச்சிலில் உள்ள ஒரு புரதத்தை, 'பிபிஎச் 14' என்ற மரபணு உருவாக்கும் காவலாளிப் புரதம் நேரடியாக அடையாளம் காண்கிறது. உடனே பயிரின் எதிர்ப்பு வேலை தொடங்குகிறது.

இப்படிப் புகையானை எதிர்க்கும் மரபணுக்கள் நெல்லிலும் அதன் காட்டு உறவுகளிலும் 30-க்கும் மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. 'எதிர்ப்பு ரகம்' என்று நாம் வாங்கும் விதையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

ரகம் வந்தது, பூச்சி மாறியது

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. நல்ல மகசூல்தான், ஆனால் புகையானைத் தாங்கவில்லை. நெருக்கமான நடவு, நிறைய யூரியா, வருடம் முழுக்க நெல் என்று மாறிய வயல்கள் பூச்சிக்கு விருந்தாகின.

1973-இல் 'பிபிஎச் 1' மரபணுவோடு ஐ.ஆர். 26 வந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பெரும் பரப்பில் நட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். அந்த ரகத்தைச் சாதாரணமாக உறிஞ்சும் புகையான் கூட்டம் பெருகிவிட்டது.

1976-இல் 'பிபிஎச் 2' உள்ள ஐ.ஆர். 36. ஒரு கட்டத்தில் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரான ரகம் இது. 1980-களின் தொடக்கத்தில் வடக்கு சுமத்ராவில் அதையும் தின்னும் புகையான் வந்தது.

பூச்சி 'பாடம் கற்றுக்கொண்டது' என்று இதைச் சொல்வது வழக்கம். உண்மையில் எந்தப் பூச்சியும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான பூச்சிகளில் ஒரு சிலவற்றுக்குப் புதிய ரகத்தையும் உறிஞ்சும் தன்மை முன்பே இருக்கும். மற்றவை செத்துப்போக, அந்தச் சிலவற்றின் வாரிசுகள் வயலை நிரப்புகின்றன. அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்து நெல்லின் கதை

'பிபிஎச் 2' மரபணு முதன்முதலில் எந்த நெல்லில் அடையாளம் காணப்பட்டது தெரியுமா? ஏ.எஸ்.டி. 7. நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ரகம். 1971-இல் இதைப் பதிவுசெய்த ஆய்வு, முட்கோ என்ற இன்னொரு இந்திய நெல்லில் 'பிபிஎச் 1' இருப்பதையும் சொன்னது.

வேடிக்கை என்னன்னா, பிலிப்பைன்ஸ் புகையானை மடக்கிய இந்த இரண்டு மரபணுக்களும் இந்தியப் புகையானிடம் எடுபடவில்லை. ஏ.எஸ்.டி. 7-ஐ இங்குள்ள பூச்சி தாராளமாக உறிஞ்சுகிறது. இந்தியத் துணைக்கண்டத்துப் புகையானைத் தனிப்பிரிவாகவே அறிவியலாளர்கள் வைக்கிறார்கள். ஒரே பூச்சி இனம்தான், ஆனால் ஊருக்கு ஊர் அதன் சாவிக்கொத்து வேறு. அதனால் வெளிநாட்டில் வென்ற ரகம் இங்கே வெல்லும் என்று உத்தரவாதம் கிடையாது.

இந்தியப் புகையானையும் தாங்கி நிற்பவை என்று பெயரெடுத்தவை கேரளத்தின் பட்டாம்பியில் இருந்து வந்த பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற பழைய நெல்கள். பி.டி.பி. 33-இல் இருப்பது ஒரே ஒரு மரபணு அல்ல. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதும், நாலு பூட்டுக்கு நாலு சாவியும் ஒரே பூச்சியிடம் இருக்க வேண்டும். அது அரிது.

மருந்து அடித்தால் ஏன் கூடுகிறது?

புகையான் முட்டையைத் தண்டின் உறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எளிதில் போய்ச் சேராது. ஆனால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடும். சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் எதிரியே இல்லை. மருந்தைத் தாங்கும் பூச்சிகள் பெருகுவதும் அதே பழைய கதைதான். 'இமிடாகுளோபிரிட்' மருந்துக்கு ஆசியாவின் பல நாடுகளில் புகையான் 2000-களிலேயே பழகிவிட்டது.

இதை அரசு முடிவாகவே எடுத்த நாடு இந்தோனேசியா. 1986-இல் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தத் தடை போட்டார். அடுத்த மூன்று ஆண்டுகளில் பூச்சிக்கொல்லி மானியமும் படிப்படியாக நீக்கப்பட்டது. நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

அப்போ உண்மையான சிக்கல் எங்கே?

இப்போது அந்த ஒரு மாதக் கணக்குக்கு வருவோம். ஒரு நெல் பருவத்துக்குள் புகையான் மூன்று, நான்கு தலைமுறை கடந்துவிடும். காட்டில் இருக்கும் செடியும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வயலில் இருக்கும் நெல் மாறாது. ஏனென்றால் ஒவ்வொரு பருவமும் அதே ரக விதையைத்தான் நாம் விதைக்கிறோம். பூச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது, நெல்லை நாம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம்.

அதனால் நெல்லுக்காக ஓட வேண்டியது நாம்தான். ஒரே ரகத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆண்டுதோறும் நடாமல் ரகத்தை மாற்றுவது, ஒரே ரகத்தில் பல மரபணுக்களைச் சேர்ப்பது, பழைய நெல் விதைகளை அழியாமல் காப்பது எல்லாமே அந்த ஓட்டம்தான்.

வயலில் உடனே செய்யக்கூடியதும் உண்டு. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, யூரியாவைக் குறைப்பது, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுவது. மருந்துக்கு முன் அடித்தூரை விலக்கி எண்ணிப் பார்ப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அந்த ஒற்றைச் சிலந்தி ஒரு தெளிப்புச் செலவை மிச்சப்படுத்துகிறது.

அடுத்த முறை கடையில் 'புகையானே வராத ரகம்' என்று யாராவது விதையைக் கொடுத்தால், கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: இது வெளிவந்து எத்தனை வருடமாச்சு, நம்ம பகுதியில் எத்தனை பேர் இதையே நடுகிறார்கள்? அந்த ரகம் இன்னும் எத்தனை பருவம் தாங்கும் என்பதற்கான குறிப்பு அந்தப் பதிலில் கிடைத்துவிடும்.