மனோவியாதியும் இன்ஷுரன்ஸும்

தேக நோய்க்கு ஒரு நியாயம், மனோவியாதிக்கு வேறொரு நியாயம் என்ற பேதம் கூடாதென்று பார்லிமெண்டே சட்டம் செய்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு எம்முறையில் இன்ஷுரன்ஸ் அளிக்கப்படுகிறதோ அம்முறையிலேயே மனோவியாதிச் சிகிச்சைக்கும் அளிக்கவேண்டுமென்று கம்பெனிகளுக்குக் கட்டளையிடுகிறது. 2018 மே 29-ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. இன்ஷுரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும், 2022 அக்டோபர் 31-ந் தேதிக்குள் எல்லாப் பாலிஸிகளும் இதற்கு இணங்கவேண்டுமென்று கெடு வைத்தது. இவ்வளவும் நடந்தும் ஜனங்களுக்குக் கிட்டிய பலன் என்ன?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வசிக்கும் ஒரு குடும்பஸ்தரின் மகனைத் தீராத பயம் பீடித்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். யாரிடம் அழைத்துச் செல்வது என்பதே முதற் கவலை. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனோவியாதிப் பிரிவு உண்டு. தனியாரை நாடுவோர், 'ஆலோசகர்' என்ற பலகையை மட்டும் நம்பலாகாது. மருந்து எழுதுபவர் மனோவியாதி டாக்டர். சோதனைகள் செய்து, பேச்சின் மூலம் சிகிச்சையளிப்பவர் கிளினிக்கல் மனோதத்துவ நிபுணர். பின்னவர் 1992-ம் வருஷத்துச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கவேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

நிபுணர் கிடைத்தாலும் பணத்துக்கு வழி? வாரத்துக்கு ஒரு மணி வீதம் பல வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து பெறும் சிகிச்சை இது. அநேக பாலிஸிகளோ ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் தருகின்றன. “ஜுரத்துக்கு டாக்டரைப் பார்த்து வந்தாலும் நாங்கள் கொடுப்பதில்லையே, இதுதானே சமத்துவம்?” என்று கம்பெனிகள் வாதிக்கலாம். காலுக்குத் தைத்த செருப்பைக் கைக்கு மாட்டிவிட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு என்பது போன்றது இவ்வாதம். உடல் நோயில் பெருஞ்செலவு பெரும்பாலும் படுக்கையில் நேருகிறது. மனோவியாதியிலோ படுக்கைக்கு வெளியேதான் சிகிச்சையின் பெரும் பகுதி நடைபெறுகிறது.

மனோவியாதியஸ்தர்களில், வியாதிக்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருக்கிறார்களென்று 2015-16-ல் நடந்த தேசீய மனநல ஆய்வு கண்டது. இதற்கு வெட்கம் ஒரு காரணமென்றால், வெறும் பையும் ஒரு காரணமே.

ஆகவே, வெளிநோயாளிச் சிகிச்சை அடங்குமா, பதிவு பெற்ற நிபுணரின் பில் ஏற்கப்படுமா, காத்திருக்கவேண்டிய காலம் எவ்வளவு என்பவற்றைப் பிரீமியம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுதவேண்டும்; 30 நாட்களில் பரிகாரம் கிடைக்காவிடில், புதுச்சேரி வாசிகள் சென்னையிலுள்ள இன்ஷுரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவசர வேளையில் 14416 என்ற சர்க்கார் தொலைபேசி இரவும் பகலும் இலவசமாக உதவுகிறது.

ஆனால் தனி மனிதரின் ஜாக்கிரதை மட்டும் போதாது. பதிவு பெற்ற நிபுணரிடம் பெறும் வெளிநோயாளிச் சிகிச்சையை ஒவ்வொரு பாலிஸியிலும் கட்டாயமாக்க ஆணையம் முன்வரவேண்டும். அதுவரை சட்டம் தந்த சமத்துவம் காகிதத்தோடு நிற்குமென்பதே நமது அபிப்பிராயம்.