கடை போனை இன்டர்நெட்டுக்கு மாற்றலாமா?

கேள்வி: “ஆரணி டவுனில் சிறிய பட்டுச்சேலைக் கடையும், அதன் பின்புறம் ஆபீசும் வைத்திருக்கிறோம். ஊரில் மூன்று ஏக்கர் நெல், அரை ஏக்கர் மல்பெரி இருக்கிறது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் பதினைந்து தறிகளுக்குப் பாவு கொடுத்து வாங்குகிறோம். பில் புத்தகத்தில் இருபது வருடமாக ஒரே லேண்ட்லைன் நம்பர்தான். ரோடு தோண்டும்போதெல்லாம் கம்பி அறுந்து, லைன் செத்துப்போகிறது. செல்போனில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற அழைப்புகள் தவறிவிடுகின்றன. எட்டு எக்ஸ்டென்ஷனோடு இன்டர்நெட் போன் சிஸ்டம் போட்டுத் தருகிறேன், 1,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார். இந்த வருடம் நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?”
– ஒரு வாசகர், ஆரணி.

பதில்: நெல் விற்ற பணத்தை அந்தப் பெட்டியில் போட வேண்டாம். ஆனால் போனை இன்டர்நெட்டுக்கு மாற்றுவது நல்ல யோசனைதான். இரண்டும் வேறு வேறு சங்கதி.

வாசகரின் கேள்விக்குள் இரண்டு கஷ்டங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, லைன் சாகிறது. இன்னொன்று, அழைப்பு வரும்போது எடுக்க ஆள் இல்லை. இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். ஒரு பாவில் இரண்டு, மூன்று சேலைதான் வரும். கடைசிச் சேலை தறியில் ஓடும்போதே “பாவு தீரப்போகுது” என்று நெசவாளர் போன் போடுகிறார். அந்த போனை எடுக்காவிட்டால் சாயப்பட்டறைக்குச் சொல்லத் தாமதமாகிறது, நூல் வரத் தாமதமாகிறது. புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கிற வேலையும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது. தறி சும்மா கிடக்கிற நாளுக்கு நெசவாளர் வீட்டில் கூலி இல்லை, கடையில் சேலை இல்லை. எட்டு எக்ஸ்டென்ஷன் போட்டாலும், எட்டையும் எடுக்க ஆள் வேண்டுமே?

இன்டர்நெட் போன் என்றால் என்ன என்பதை வயலை வைத்தே புரிந்துகொள்ளலாம். பழைய லேண்ட்லைன் என்பது ஏரி மதகிலிருந்து ஒருவர் வயலுக்கு மட்டும் தனி வாய்க்கால் திறந்துவிட்டது மாதிரி. பேசி முடிக்கும்வரை அந்த வழி அவருக்கே சொந்தம். பேசாமல் சும்மா இருந்தாலும் வேறு யாரும் அதில் வர முடியாது. இன்டர்நெட் என்பது பொது வாய்க்கால். குரலை நொடிக்கு ஏறக்குறைய 50 சிறு துண்டுகளாக வெட்டி, மற்றவர்களுடைய சினிமா, வாட்ஸ்அப் படம், பேங்க் கணக்கு எல்லாவற்றோடும் சேர்த்து ஓடவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போனதும் துண்டுகளை வரிசைப்படுத்தி மறுபடி குரலாக்குகிறார்கள். அதனால்தான் செலவு குறைவு. தலைமடையில் மடையை அடைத்தால் கடைமடை காய்கிறதல்லவா, அதே தொல்லை இங்கேயும் உண்டு. ஆபீஸ் வைஃபையில் பையன் சினிமா இறக்கினால் போனில் குரல் விட்டுவிட்டு வரும். குரல் போய்ச்சேர 150 மில்லி நொடிக்கு மேல், அதாவது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஆனால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஹலோ” சொல்லி முட்டிக்கொள்வார்கள்.

இதற்காகப் பெரிய வேக இணைப்பு வாங்க வேண்டியதில்லை. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட் ஒதுக்கினால் தாராளம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. போனுக்காகவே அதிவேக இணைப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால் அது வியாபாரப் பேச்சு. வேகத்தைவிட, விட்டுவிட்டு வராத இணைப்புதான் முக்கியம்.

இது சட்டப்படி சரியா என்ற சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 2002 ஏப்ரலில் இன்டர்நெட் போனை அனுமதித்தபோது, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், வெளிநாட்டு போனுக்கும் பேசலாம் என்றார்கள். உள்நாட்டு லேண்ட்லைனோடும் செல்போனோடும் இணைக்கக் கூடாது என்று தடை இருந்தது. டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரை கொடுத்து, 2018இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமத்தைத் திருத்திய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற பெயரில், சிம் இல்லாமல் செயலி வழியாகப் பேசும் நம்பரை வருடத்துக்கு 1,099 ரூபாய் என்று அறிவித்தது. உரிமம் உள்ள நிறுவனத்திடம் வாங்கினால் சட்டச் சிக்கல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபைபர் இணைப்போடு இலவசமாகத் தருகிறார்களே ஒரு லேண்ட்லைன், அது வேறொன்றுமில்லை, இன்டர்நெட் போன்தான். சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் செருகும் துளை இருக்கும். வீட்டில் இருக்கிற பழைய போனையே அதில் செருகலாம். வாசகருக்கு முதலில் வேண்டியது இதுதான். பழைய லைன் பி.எஸ்.என்.எல். உடையது என்றால், ஃபைபருக்கு மாறும்போது அதே நம்பரைத் தக்கவைக்க முடியுமா என்று ஆரணி எக்ஸ்சேஞ்சில் முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பழைய லைனைச் சரண்டர் செய்ய வேண்டும். வேறு கம்பெனிக்குப் போனால் 04173இல் தொடங்கும் அந்த நம்பர் கூட வராது. செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுகிற வசதி லேண்ட்லைனுக்கு நம் நாட்டில் இல்லை. இருபது வருட பில் புத்தகமும், சேலை வாங்கிப் போனவர்கள் டைரியில் எழுதி வைத்த நம்பரும் ஒரு நாளில் செல்லாக்காசாகிவிடும். கம்பெனிக்காரர் இதைப் பற்றி வாய் திறந்தாரா என்று வாசகர் நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது மின்சாரம். பழைய செம்புக் கம்பி லைனில் ஒரு நன்மை இருந்தது. அதை இப்போதுதான் பலர் உணர்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரி அந்தக் கம்பி வழியாகவே போனுக்கு மின்சாரம் கொடுத்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் அடித்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி அணைந்துவிடும், கடை போன் ஊமையாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து மதியம்வரை நிறுத்துகிற நாளில், வியாபார நேரம் முழுவதும் போன் இருக்காது. கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அதில் மாற்றினால் போதும். இல்லாவிட்டால் ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அடாப்டரில் 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்து, அதற்குத் தகுந்ததை வாங்க வேண்டும். தெருவில் கேபிள்காரர் மூலமாக வரும் இணைப்பு என்றால், வழியில் யார் வீட்டு மாடியிலாவது அவருடைய கருவி ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் கரண்ட் போனால், கடையில் யு.பி.எஸ். இருந்தும் பிரயோஜனமில்லை. இணைப்பு வாங்கும் முன் அவரிடம் இதை நேராகக் கேட்டுவிட வேண்டும். 108, 112 போன்ற அவசர அழைப்புகளுக்கு எப்போதும் சிம் போட்ட செல்போனே நம்பிக்கையானது.

எடுக்க ஆள் இல்லை என்ற கஷ்டத்துக்கு வருவோம். செல்போன் செட்டிங்கிலேயே, பேசிக்கொண்டிருந்தாலோ எடுக்காவிட்டாலோ அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. கடைக்காரர் எடுக்காவிட்டால் மனைவிக்கோ, கணக்குப் பார்க்கும் பையனுக்கோ போகும்படி வைக்கலாம். இதை வீட்டுக்காரரே செட்டிங்கில் போய்ச் செய்ய வேண்டும். யாரோ போனில் பேசி, “நட்சத்திரம் போட்டு இந்த நம்பரை அழுத்துங்க” என்றால் அழுத்தவே கூடாது. பேங்க் ரகசிய எண்ணைச் சொல்லும் அழைப்பைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளத் திருடர்கள் செய்யும் வேலை அது. இதுவும் போதவில்லை என்றால், ஒரே நம்பருக்கு வரும் அழைப்பு மூன்று, நான்கு செல்போன்களில் வரிசையாக அடிக்கும்படி மாதக் கட்டணத்தில் செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ‘கிளவுட் டெலிபோனி’ என்பார்கள். கடையில் எந்தப் பெட்டியும் வேண்டாம். எந்த அழைப்பு எப்போது தவறியது என்று பட்டியலும் வரும். நெசவாளருக்கு இரவில் திருப்பிப் பேச அந்தப் பட்டியல் ஒன்றே போதும்.

அந்த 1,40,000 ரூபாய் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சேவைக் கம்பெனி ஆரம்பித்தார். ஆபீசுக்கு எக்ஸ்டென்ஷன் போன் சிஸ்டம் வாங்கக் காசு இல்லை. தானே ஒரு மென்பொருளை எழுதி, ‘ஆஸ்டெரிஸ்க்’ என்று பெயர் வைத்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இன்றைக்கு வேறு வேறு பெயரில் விற்கும் பல ஆபீஸ் போன் பெட்டிகளுக்குள் ஓடுவது அதுதான். மென்பொருள் இலவசம் என்பதற்காகக் கம்பெனிக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. பெட்டி, போன், வேலைக்கூலி எல்லாம் உண்டு. ஆனால் விலை பேசும்போது இது தெரிந்திருந்தால் நல்லது. அப்படி ஒரு சிஸ்டத்தைப் போடுகிறவர்கள் எக்ஸ்டென்ஷன் நம்பரையே பாஸ்வேர்டாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. 101க்கு 101 என்று இருந்தால், எங்கோ உட்கார்ந்திருப்பவன் இரவோடு இரவாக உள்ளே நுழைந்து வெளிநாட்டுக்கு விடிய விடியப் பேசிவிடுவான். பில் கடைக்கு வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பெரிய சிஸ்டம் யாருக்கு லாபம்? பல ஊர்களில் கிளை, கொள்முதல் நிலையம் வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும், பல தொகுதி ஆட்கள் நாள் முழுவதும் போன் எடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் லாபம்தான். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு எக்ஸ்டென்ஷன் அழுத்திப் பேசலாம், தனிச் செலவில்லை. விவசாயிகள் இப்படி ஒரு சிஸ்டத்தோடு ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். 2004 ஜனவரி 21இல் தொடங்கிய கிசான் கால் சென்டர் அப்படிப்பட்டதுதான். 1800-180-1551 என்ற நம்பருக்கு நெல்லில் புகையான் என்று அழைத்தால், காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். அழைப்பு மாநிலத்துக்கும் மொழிக்கும் தகுந்த ஆளிடம் போவதும், பேச்சு முழுக்கப் பதிவாவதும் இன்டர்நெட் வழி ஆபீஸ் போன் சிஸ்டத்தால்தான். அங்கே நாள் முழுக்க எடுக்க ஆள் இருக்கிறார்கள், அதனால் பெட்டிக்கு வேலை இருக்கிறது. பதினைந்து தறிக் கடைக்கு ஃபைபர் லேண்ட்லைன், ஒரு சின்ன யு.பி.எஸ்., அழைப்பைத் திருப்பும் ஏற்பாடு, இவ்வளவும் போதும். மீதிப் பணம் மல்பெரிக்கோ, அடுத்த பாவுக்கோ உதவும்.

கேள்வி: “ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டது. வீட்டு மாடியில் ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறோம், இன்டர்நெட் போன் கம்பெனி, மாதம் வாடகை தருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். கரண்ட் பில்லும் அவர்களே கட்டுவார்களாம். விடலாமா?”
– ஒரு வாசகர், ஆரணி தாலுகா.

பதில்: விடக் கூடாது. அது பெரும்பாலும் ‘சிம் பாக்ஸ்’ என்கிற பெட்டியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பை, பெட்டியில் செருகிய பத்து, நூறு சிம்கள் மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்புவார்கள். எடுப்பவர் செல்போனில் நம்ம ஊர் நம்பர் மாதிரியே தெரியும். பேங்கிலிருந்து பேசுகிறோம், போலீஸ் பேசுகிறோம் என்று பணம் பறிக்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. அழைப்பைத் தேடிப் போலீஸ் வந்தால், பெட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் வரும். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறை, இரண்டு கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. வாடகைக்கு விட்டேன், எனக்குத் தெரியாது என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

உண்மையான கம்பெனி செல்போன் டவர் வைத்தாலும், ஃபைபர் கருவி வைத்தாலும், கம்பெனி பெயரில் பதிவு செய்த ஒப்பந்தமும் உரிம நகலும் கேட்டால் காட்டும். வந்தவர்கள் ஆதார் நகலோ, வீட்டார் பெயரில் சிம்மோ கேட்டிருந்தால் கொடுத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் செல்போன் நம்பரைப் போட்டுப் பார்த்து, தன்னுடையதல்லாததை அங்கேயே நீக்கச் சொல்லலாம். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.